கனடாவின் வதிவிடப் பள்ளிகள்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டெம்பர் நெருங்கினால் போதும், இதே கேள்விகள் வந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் கேட்பார்கள், குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்பார்கள், பேரப்பிள்ளைகளோடு இருக்க வந்த தாத்தா பாட்டிகளும் கேட்பார்கள். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். சில இடங்கள் மனதைக் கலக்கும். முதலில் நீங்கள் படித்துவிட்டு, பிள்ளைக்கு எவ்வளவு சொல்லலாம் என்று முடிவு செய்யுங்கள்.

செப்டெம்பர் 30-இல் பிள்ளையைச் செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அது என்ன நாள்?

பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண் தமக்கு நடந்ததைச் சொன்னதிலிருந்து வந்த செம்மஞ்சள் சட்டை நாள் இது. 1973-இல் அவருக்கு ஆறு வயது. பள்ளிக்குப் போகப்போகிறாள் என்று பாட்டி ஒரு புதுச் செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். வில்லியம்ஸ் லேக் ஊருக்குப் பக்கத்தில் இருந்த சென். ஜோசப்ஸ் மிஷன் வதிவிடப் பள்ளியில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவே இல்லை. 2013-இல் இதை அவர் ஊரறியச் சொன்னார். அதன்பிறகு இந்த நாள் நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகளை வீடுகளிலிருந்து கூட்டிக்கொண்டு போன மாதம் செப்டெம்பர் என்பதால் இந்த மாதத்தைத் தேர்ந்தார்கள்.

2021 முதல் அதே நாள் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறை. ஒன்ராறியோ அதைப் பொது விடுமுறையாக்கவில்லை, அதனால் இங்கே பள்ளிகள் நடக்கின்றன.

வதிவிடப் பள்ளி என்றால் ஹொஸ்டல் வைத்த பள்ளிதானே?

கட்டிடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அரசு பணம் கொடுத்தது, சட்டம் போட்டது. தேவாலயங்கள் நடத்தின. பாதிக்கும் மேல் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. மற்றவை அங்கிலிக்கன், யுனைட்டட், பிரெஸ்பிற்றேரியன் சபைகளிடம் இருந்தன. முதற்குடிகள், இனுயிட், மேட்டி ஆகிய மூன்று பூர்வகுடி மக்களின் பிள்ளைகளில் 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள் இவற்றுக்குள் போய் வந்தார்கள். பின்னாளில் நடந்த இழப்பீட்டு உடன்பாட்டில் 139 பள்ளிகள் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலுக்குள் வராத பள்ளிகளும் உண்டு.

சாதாரண விடுதிப் பள்ளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நோக்கத்தில் இருக்கிறது. பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிப்பது இங்கே படிப்புக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. பிரிப்பதற்காகத்தான் பள்ளியே கட்டப்பட்டது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

இது எப்போது நடந்தது? நூறு வருடத்துக்கு முந்தைய கதையா?

ஒன்ராறியோவில் பிரான்ற்போர்ட் நகரத்தில் உள்ள மோஹோக் இன்ஸ்ரிரியூட் 1831-இலேயே பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கியது. மத்திய அரசு முறையான திட்டமாக இதைக் கையிலெடுத்தது 1883-இல். சஸ்காச்சுவானில் கோர்டன்ஸ் பள்ளி மூடப்பட்டது 1996-இல். நுனாவுற்றின் ரான்கின் இன்லெற்றில் இருந்த கிவாலிக் ஹோல் 1997-இல் மூடப்பட்டது. அதுதான் கடைசி.

1986 ஓகஸ்டில் நம் தமிழ் அகதிகள் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் மீட்கப்பட்டார்களே, அந்த ஆண்டிலும் இந்தப் பள்ளிகளில் சில இயங்கிக்கொண்டிருந்தன. அங்கே படித்தவர்களில் ஐம்பது வயதுக்காரர்கள்கூட இன்று இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தானே அரசாங்கம் தொடங்கியது?

இதை நம்ப விரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் தொடங்கியவர்களே தங்கள் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1879-இல் நிக்கலஸ் பிளட் டேவின் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தொழிற்பள்ளிகளைப் பார்த்துவரச் செய்தார்கள். அதே மாதிரி இங்கேயும் தொடங்கலாம் என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1883-இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் நாடாளுமன்றத்தில் பேசியதன் சாரம் இது: பள்ளி ரிசர்வுக்குள் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலப்பகுதிக்குள்) இருந்தால் பிள்ளை பெற்றோரோடு இருக்கும், பெற்றோர் காட்டுமிராண்டிகள், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் பிள்ளை காட்டுமிராண்டியாகவே இருக்கும், ஆகவே பெற்றோரின் செல்வாக்கிலிருந்து பிள்ளையை விலக்க வேண்டும். 1913 முதல் 1932 வரை இந்தியர் விவகாரத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டங்கன் காம்பல் ஸ்கொட் 1920-இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். கனடாவில் பொதுச் சமூகத்துக்குள் கரைந்துபோகாத ஓர் இந்தியர்கூட மிஞ்சாமல் போகும்வரை இந்த வேலை தொடரும் என்பது அவர் பேச்சு. இங்கே இந்தியர் என்றால் பூர்வகுடிகள். அவர்களை ஆளும் 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் இன்றைக்கும் இந்தியர் சட்டம்தான்.

இதற்குள் நிலமும் இருக்கிறது. மேற்கே ரயில் பாதை போட்டு, குடியேற்றக்காரர்களை இறக்க, நிலம் வேண்டும். ஒப்பந்தப்படி பூர்வகுடிகளாகப் பதிவானவர்களுக்கு அரசு சில கடமைகளைச் செய்தாக வேண்டும். அந்த மக்கள் தனி மக்களாகவே இல்லாமல் போய்விட்டால் கடமையும் இல்லை, நில உரிமைக் கேள்வியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூர்வகுடித் தலைவர்கள் கல்வி வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல. 1870-களின் ஒப்பந்தங்களில் பள்ளிக்கூடம் கேட்டு வாங்கியவர்களே அவர்கள்தான். அந்த ஒப்பந்தங்கள் சொன்னது ரிசர்வுக்குள்ளேயே பள்ளி. பிள்ளை மாலையில் வீட்டுக்கு வரும் பள்ளி. அவர்கள் கேட்டதும் அவர்களுக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல.

பெற்றோர் ஏன் பிள்ளைகளைக் கொடுத்தார்கள்? நான் என்றால் விடவே மாட்டேன்.

பலர் விடவில்லைதான். காட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள், வேட்டை முகாம்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதிகாரிகளுக்கு மனு எழுதினார்கள். 1894-இல் பிள்ளையைக் கட்டாயமாகப் பள்ளியில் சேர்க்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1920-இல் 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு அதைப் பொதுவான சட்டமாக்கினார்கள். தடுத்த பெற்றோருக்கு அபராதம் அல்லது சிறை. கூட்டிப்போக வந்தவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார்கள். 1945-இல் குடும்பக் கொடுப்பனவு வந்த பிறகு, பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அந்தப் பணமும் நின்றுவிடும் என்று ஆனது.

வழக்குப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1927 முதல் 1951 வரை, நில உரிமைக் கோரிக்கைகளுக்காக வழக்கறிஞர் வைக்கப் பணம் திரட்டுவதே பூர்வகுடிகளுக்குக் குற்றம். மத்தியத் தேர்தலில் நிபந்தனையில்லாத வாக்குரிமை 1960-இல்தான் கிடைத்தது. மேற்குப் புல்வெளி மாகாணங்களில் 1885-க்குப் பிறகு பல பத்தாண்டுகள், ரிசர்வை விட்டு வெளியே போகவே அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பதற்கும் அந்தச் சீட்டு வேண்டும்.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்?

வந்தவுடன் முடியை வெட்டுவார்கள். வீட்டு உடுப்பைக் கழற்றிப் பள்ளி உடுப்பு கொடுப்பார்கள். பல பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். உடுப்பிலும் அதே எண், கூப்பிடும்போதும் அதே எண். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனிப் பகுதிகளில் இருந்ததால், ஒரே கூரையின் கீழ் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள முடியாமல் வருடங்கள் போயின. தாய்மொழி பேசினால் தண்டனை. ஆங்கிலமோ பிரெஞ்சோ ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு, வாய் திறந்தாலே அடி என்றுதான் இதற்குப் பொருள்.

1950-களின் தொடக்கம் வரை பெரும்பாலான பள்ளிகளில் அரை நாள்தான் படிப்பு. மற்ற அரை நாள் வேலை. ஆண் பிள்ளைகள் தோட்டம், மாட்டுக்கொட்டில், விறகு பார்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சலவை, தையல், சமையல். தொழிற்பயிற்சி என்று பெயர், ஆனால் அந்த உழைப்பு இல்லாவிட்டால் பள்ளியே நடந்திருக்காது. அரசு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம் கொடுத்தது. அது போதவில்லை. போதாததைப் பிள்ளைகளின் வயிற்றிலும் உழைப்பிலும் பிடித்தார்கள். மோஹோக் இன்ஸ்ரிரியூட்டைப் பிள்ளைகள் மஷ் ஹோல் என்று அழைத்தார்கள். நாள் தவறாமல் போட்ட கஞ்சியால் வந்த பெயர் அது.

படிப்பாவது வந்ததா? 1945-இல் வதிவிடப் பள்ளிகளில் 9,149 பிள்ளைகள் இருந்தார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒன்பதுக்கு மேல் ஒருவரும் இல்லை.

நாங்களும் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளி போர்டிங்கில் இருந்தோம். அடியும் வாங்கினோம். இதை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்?

நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. அடி அடிதான், அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் உங்களை அங்கே சேர்த்தது யார்? அப்பா அம்மா. காசு கட்டி, பெட்டி கட்டி, நல்ல பள்ளி என்று நம்பிச் சேர்த்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தீர்கள். பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போகவும் அவர்களால் முடிந்தது. உங்களைத் தமிழர் அல்லாதவராக மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் அந்தப் பள்ளியைக் கட்டவில்லை. 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில்கூட ஆங்கிலத்தோடு தமிழும் பாடமாக இருந்தது.

இங்கே கிரீ என்ற பூர்வகுடி மொழி பேசும் பிள்ளையைக் கிரீ பேசாத பிள்ளையாக்குவதுதான் பாடத்திட்டம். மூன்று, நான்கு தலைமுறைக்கு ஒரு ஊரில் உள்ள பிள்ளைகளை இப்படி எடுத்துக்கொண்டு போனால் அந்த ஊரில் தாலாட்டுப் பாட யார் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பிள்ளைகள் இறந்தார்கள்? எதனால்?

இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்து 2015-இல் பணியை முடித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 3,200 இறப்புகளைக் கண்டறிந்தது. அதன் பிறகு வினிபெக்கில் உள்ள தேசிய உண்மை, நல்லிணக்க மையம் தேடலைத் தொடர்ந்து, 4,000-க்கும் மேற்பட்ட இறப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. உண்மையான தொகை இதைவிடக் கூட என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் பதிவுகள் அவ்வளவு மோசம். ஆணைக்குழு கண்ட இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குப் பிள்ளையின் பெயரே எழுதப்படவில்லை. பாதிக்குக் காரணம் எழுதப்படவில்லை.

தெரிந்த காரணங்களில் முதலாவது காசநோய். நெரிசலான படுக்கையறை, காற்றோட்டம் இல்லாத கட்டிடம், அரை வயிற்றுச் சாப்பாடு என்று நோய் பரவ எல்லா வசதியும் இருந்தது. தீயிலும் இறந்தார்கள். 1927-இல் சஸ்காச்சுவானின் போவால் பள்ளித் தீயில் 19 பிள்ளைகள், 1930-இல் மனிற்றோபாவின் குரொஸ் லேக் பள்ளித் தீயில் 12 பிள்ளைகள். வீட்டுக்கு ஓடிப்போக முயன்று குளிரில் இறந்தவர்களும் உண்டு. 1937 புத்தாண்டு நாளில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லெஜாக் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட நான்கு சிறுவர்கள் ஏரிப் பனியின்மேல் உறைந்து கிடந்தார்கள். 1966 ஒக்ரோபரில் கெனோரா நகரப் பள்ளியிலிருந்து 12 வயதுச் சானி வென்ஜாக் ரயில் பாதை வழியே நடக்கத் தொடங்கினான். வீடு சுமார் 600 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவன் உடல் கிடைத்தது.

இறந்த பிள்ளையின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவை அரசு பெரும்பாலும் ஏற்கவில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பல பெற்றோருக்குச் செய்திகூடப் போகவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும்தானே காசநோய்? அரசுக்கு இது தெரிந்திருக்குமா?

தெரியும். துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீற்றர் பிரைஸ் 1907-இல் மேற்குப் பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். விவரம் கிடைத்த 1,537 மாணவர்களில் கால்வாசிப் பேர் இறந்திருந்தார்கள். முழுக் கணக்கும் கிடைத்த ஒரு பள்ளியில், படித்து வெளியேறியவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. ஒட்டாவா நாளிதழில் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது. தடுக்கக்கூடிய இறப்புகளைத் தடுக்காமல் விட்டால் அது கொலைக் குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று எஸ். எச். பிளேக் என்ற வழக்கறிஞர் எச்சரித்தார்.

மேலே சொன்ன ஸ்கொட் பிற்பாடு எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. இந்தப் பள்ளிகளுக்குள் போன பிள்ளைகளில் பாதிப் பேர் படித்ததன் பயனைக் காண உயிரோடு இருக்கவில்லை என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். பிரைஸின் ஆண்டறிக்கை வேலை நிறுத்தப்பட்டது, 1921-இல் அவர் அரசுப் பணியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஒரு சிறு நூலாக எல்லாவற்றையும் அச்சிட்டு, இது ஒரு தேசியக் குற்றம் என்று எழுதினார். காலத்தின் அறியாமை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே பதில். அதே காலத்தில், அதே துறையில், அதே தரவுகளோடு இருந்தவர் அவர்.

பிள்ளைகளை வைத்து உணவுச் சோதனை செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வதந்திதானே?

இல்லை. 1948 முதல் 1952 வரை ஆறு வதிவிடப் பள்ளிகளில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல், அரசின் ஊட்டச்சத்து நிபுணர்கள் சோதனை நடத்தினார்கள். பிள்ளைகள் போதிய சாப்பாடு இல்லாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் தொடங்கினார்கள். ஒரு பள்ளியில் பாலின் அளவைத் தேவையைவிடப் பாதிக்கும் கீழே இரண்டு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து, பிறகு கூட்டினால் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஈறுகளின் நிலை சோதனைக்கு ஓர் அளவுகோல் என்பதால் பல் வைத்தியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து வரலாற்றாய்வாளர் இயன் மொஸ்பி இதை 2013-இல் வெளிக்கொண்டு வந்தார்.

பாலியல் கொடுமைகளும் நடந்ததாகச் சொல்கிறார்கள். செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

இழப்பீட்டு உடன்பாட்டின் கீழ் பாலியல் வன்முறைக்கும் கடுமையான உடல் வன்முறைக்கும் மட்டும் ஏறத்தாழ 38,000 கோரிக்கைகள் வந்தன. 2015 வரை குற்றவாளி என்று தீர்ப்பான வழக்குகள் ஐம்பதுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள், பலரைப் புகார் வந்தபோது வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

மௌனம் உடைந்தது 1990 ஒக்ரோபரில். மனிற்றோபாவின் பூர்வகுடித் தலைவர் பில் பொன்ரேன், தமக்கே பள்ளியில் இது நடந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதுவரை தங்கள் மனைவி, கணவரிடம்கூடச் சொல்லாதவர்கள் அதற்குப் பிறகு பேசத் தொடங்கினார்கள்.

2021-இல் 215 பிள்ளைகளின் உடல்கள் கிடைத்தன என்றார்கள். இப்போது அது பொய் என்று வீடியோக்கள் வருகின்றன. எதை நம்புவது?

நிதானமாகப் பார்ப்போம். 2021 மே 27-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் முதற்குடி மக்கள், பழைய பள்ளி வளாகத்தில் நிலத்தை ஊடுருவும் ரேடார் மூலம் 215 பிள்ளைகளின் புதைவிடங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். ரேடார் எலும்பைக் காட்டாது, மண் எங்கே குலைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். ஆய்வு செய்த நிபுணரே அந்த ஜூலையில் எண்ணிக்கையை 200 ஆகத் திருத்தி, புதைவிடங்களாக இருக்கக்கூடியவை என்றே சொன்னார். கூட்டுப் புதைகுழி என்று எழுதிய ஊடகங்கள் தவறாக எழுதின. அந்த மக்களின் தலைவரே அதை மறுத்திருக்கிறார். 2021 ஜூனில் சஸ்காச்சுவானின் கவசெஸ் முதற்குடிகள் அறிவித்த 751 புதைவிடங்கள், அடையாளக் கல் அகற்றப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருந்தவை. அங்கே பெரியவர்களும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 2023-இல் மனிற்றோபாவின் பைன் கிரீக்கில் தேவாலய நிலவறையைத் தோண்டியபோது எச்சங்கள் எதுவும் கிடைக்கவில்லை. இவை எல்லாம் உண்மை, மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் இறக்கவே இல்லை என்று சொல்வது பொய். முன்னே சொன்ன 4,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் ரேடாரிலிருந்து வந்தவை அல்ல, அரசும் சபைகளும் எழுதிவைத்த தாள்களிலிருந்து வந்தவை. கம்லூப்ஸ் பள்ளிக்கு மட்டும் 51 இறப்புகள் பதிவில் இருக்கின்றன. பற்றில்போர்ட் பள்ளிக் கல்லறையை 1974-இலேயே தோண்டி 72 குழிகளைக் கண்டார்கள். அல்பேர்ட்டாவில் ஒரு பழைய தொழிற்பள்ளிக்குப் பக்கத்து ஆறு கரையை அரித்து 1996-இல் பிள்ளைகளின் சவப்பெட்டிகளையே வெளியே கொண்டுவந்தது.

தோண்டிப் பார்த்தால் தீர்ந்துவிடுமே என்பார்கள். அது அந்தந்தச் சமூகம் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பள்ளிக்குப் பல ஊர்ப் பிள்ளைகள் போயிருப்பார்கள். அத்தனை ஊர்களும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். சிலருக்குத் தோண்டுவது அவசியம், சிலருக்குப் பிள்ளையின் தூக்கத்தைக் கலைப்பது பாவம். காணாமல் போனவர்களின் தாய்மார் ஆண்டுக்கணக்கில் வீதியோரம் இருப்பதைப் பார்த்த நமக்கு இதில் அவசரம் காட்டும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

இதை இனவழிப்பு என்று சொல்வது சரியா?

ஆணைக்குழு பண்பாட்டு இனவழிப்பு என்றது. சட்டப்படி யாரையும் குற்றவாளி என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. 1948-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இனவழிப்பு என்று ஐந்து செயல்களைச் சொல்கிறது. ஐந்தாவது, ஒரு குழுவின் பிள்ளைகளை வலுக்கட்டாயமாக இன்னொரு குழுவுக்கு மாற்றுவது. அந்தக் குழுவை அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதுதான் வழக்கில் கேட்கப்படும் கேள்வி. மக்டொனால்டும் ஸ்கொட்டும் சொன்னதை மேலே பார்த்தீர்கள். 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவிலிருந்து திரும்பும் விமானத்தில் இது இனவழிப்புத்தான் என்றார். அதே ஆண்டு ஒக்ரோபரில் கனடிய நாடாளுமன்றக் கீழவை ஒருமனதாக அப்படியே தீர்மானம் போட்டது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

யார் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? பணம் கொடுத்தார்களா?

யுனைட்டட் சபை 1986-இல் பொதுவாகவும் 1998-இல் இந்தப் பள்ளிகளுக்காகவும் கேட்டது. அங்கிலிக்கன் சபை 1993-இலும் பிரெஸ்பிற்றேரியன் சபை 1994-இலும் கேட்டன. அரசின் சார்பில் பிரதமர் ஸ்ரீபன் ஹாப்பர் 2008 ஜூன் 11-இல் நாடாளுமன்றத்தில் கேட்டார். போப் கேட்பதற்கு 2022 ஆனது. நியூபவுண்ட்லாந்து, லாப்ரடோர் பள்ளிகளை முதலில் விட்டுவிட்டதால் அங்கே படித்தவர்களிடம் பிரதமர் ஜஸ்ரின் ரூடோ 2017-இல் தனியாகக் கேட்க வேண்டிவந்தது.

பணம் சும்மா வரவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் வழக்குப் போட்டதால் வந்தது. 2007-இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில், பள்ளியில் இருந்த முதல் ஆண்டுக்கு 10,000 டொலர், அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டொலர். சுமார் 79,000 பேருக்கு அது கிடைத்தது. வன்முறைக்கு உள்ளானவர்களுக்குத் தனி விசாரணை, தனி இழப்பீடு. ஆணைக்குழுவும் அந்த உடன்பாட்டால் வந்ததுதான். அதே உடன்பாட்டில் கத்தோலிக்க அமைப்புகள் 25 மில்லியன் டொலர் திரட்ட முயல்வதாக ஒப்புக்கொண்டு, 4 மில்லியனுக்கும் குறைவாகத் திரட்டின. 2015-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்போடு அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டன. பிறகு 2021-இல் எழுந்த கோபத்துக்குப் பின்புதான் ஆயர்கள் 30 மில்லியன் தருவதாக அறிவித்தார்கள்.

மன்னிப்பும் கேட்டு, காசும் கொடுத்தாயிற்று. இன்னும் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

பிள்ளைகளைப் பிரிப்பது பள்ளிகளோடு நிற்கவில்லை. 1950-களின் கடைசியிலிருந்து 80-கள் வரை, சிறுவர் நலத்துறை என்ற பெயரில் சுமார் 20,000 பூர்வகுடிப் பிள்ளைகளை எடுத்து, பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். இன்றைய நிலை? 2021 குடிசன மதிப்பீட்டில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். ரிசர்வில் உள்ள பிள்ளைகளின் நலச் சேவைக்குக் குறைவாகப் பணம் கொடுத்து மத்திய அரசு பாகுபாடு காட்டியது என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதற்கான 23 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது 2023-இல்தான்.

அப்புறம், வீட்டுக்குள் நடப்பது. தாய் தகப்பன் தூக்கி வளர்க்காத பிள்ளை பெரியவராகித் தன் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் திணறியதை, ஆணைக்குழுவிடம் சாட்சி சொன்னவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குடியும் தற்கொலையும் எங்கிருந்து வந்தன என்று நம்மவர்களில் சிலர் இளக்காரமாகக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. போரிலிருந்து வந்த வீடுகளில் அப்பாமார் இரவில் கத்தி எழும்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடமே இருக்கிறார்கள்.

பள்ளியால் நன்மை கிடைத்தது என்று சொன்ன பூர்வகுடிகளும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அன்பான ஓர் ஆசிரியர், ஹொக்கி, இசை, நண்பர்கள் என்று நன்றியோடு பேசியவர்களின் சாட்சியத்தையும் ஆணைக்குழு பதிவு செய்து வெளியிட்டது. அவர்கள் சொல்வதை மறுக்க நமக்கு என்ன உரிமை? ஒருவருக்கு நல்ல ஆசிரியர் வாய்த்தார் என்பது அவர் வாழ்க்கை. ஒரு மக்களின் பிள்ளைகளைச் சட்டம் போட்டு எடுத்தது அரசின் செயல். முதலாவது இரண்டாவதை நியாயப்படுத்தாது.

பூர்வகுடிகளே பள்ளியை எடுத்து நடத்தியபோது என்ன ஆனது என்பதையும் பாருங்கள். அல்பேர்ட்டாவின் புளூ குவில்ஸ் பள்ளியை மூடப்போகிறார்கள் என்றபோது, 1970-இல் பெற்றோரும் முதியவர்களும் உள்ளே உட்கார்ந்து போராடித் தங்கள் கைக்கு வாங்கினார்கள். கனடாவில் முதற்குடிகள் தாங்களே நடத்திய முதல் பள்ளி அது. இன்று அங்கே கிரீ மொழியைப் படிப்பிக்கிறார்கள்.

நாங்களே ஊரை இழந்து அகதியாக வந்தவர்கள். இதில் எங்களுக்கு என்ன பொறுப்பு?

நீங்கள் செய்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2021 ஜூனுக்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர்கள், முதற்குடிகள், இனுயிட், மேட்டி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்புக்குக் கட்டுப்படுவோம் என்று கை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறார்கள். ஆணைக்குழுவின் 94 கோரிக்கைகளில் கடைசியானது அதுதான். அதற்கு முந்தைய 93-ஆவது, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பாடத்தில் இந்த வரலாறும் இருக்க வேண்டும் என்கிறது.

நாம் வீடு வாங்கியிருக்கும் நிலத்துக்கும் கதை உண்டு. ரொறொன்ரோவின் பெரும்பகுதி 1805-இல் மிசிசாகா மக்களிடமிருந்து எழுதி வாங்கப்பட்டது. அது நியாயமாக நடக்கவில்லை என்ற அவர்களின் வழக்கை, 2010-இல்தான் அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தது. நம் ஊரில் நிலம் பறிபோனதைப் பற்றி இங்கே ஊர்வலம் போகும் நாம், ஊர்வலம் போகும் வீதி யாருடையது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கனடாவில் மட்டும்தானா இப்படி?

இல்லை. அமெரிக்காவின் கார்லைல் பள்ளி 1879-இல் தொடங்கியது. அங்கே இப்படி 417 பள்ளிகள் இருந்தன என்று அரசின் அறிக்கையே 2024-இல் சொன்னது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி பைடன் மன்னிப்புக் கேட்டார். ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்து எடுத்தார்கள். அங்கே பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட இடம் உண்டா? அங்கே போனால் அவர்களிடம் கேள்வி கேட்கலாமா?

ரொறொன்ரோவிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் பிரான்ற்போர்ட் இருக்கிறது. மோஹோக் இன்ஸ்ரிரியூட் கட்டிடம் அங்கே இன்னும் நிற்கிறது. கூரை ஒழுகியபோது, இடிப்பதா வைப்பதா என்று சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிச் சமூகத்திடம் கேட்டார்கள். சாட்சியாக நிற்கட்டும் என்று பெரும்பான்மையானவர்கள் சொல்ல, பணம் திரட்டிப் புதுப்பித்தார்கள். பொறுப்பாக இருப்பது பக்கத்திலேயே உள்ள வுட்லண்ட் பண்பாட்டு மையம். போவதற்கு முன் அவர்களின் இணையப் பக்கத்தில் நேரத்தையும், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் கேள்வியில் சொன்ன சட்டைக் கதை போதும்.

வழிகாட்டுகிறவரிடம் வரலாற்றைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அங்கே படித்தவர் ஒருவரைச் சந்தித்தால், உங்களுக்கு என்ன நடந்தது என்று நேரே கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் இடையில் குறுக்கிடாமல் கேளுங்கள். நமக்கும் இப்படித்தான் நடந்தது என்று நம் கதையைத் தொடங்குவதற்கு அது நேரம் அல்ல. அழைத்துப் பேசவைக்க விரும்பும் தமிழ்ச் சங்கங்கள், அவருடைய வருகைக்கும் நேரத்துக்கும் மதிப்பூதியம் கொடுக்க வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்துவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.